ஏரிமீன் பிடிக்கும் கருவிகள்: பழைய அனுபவமும் புதிய நூலும்

சம்பா அறுவடை முடிந்து களம் ஒழிந்தபின், ஏரிகளிலும் கண்மாய்களிலும் நீர் படிப்படியாக வற்றத் தொடங்கும். மாசி முதல் வைகாசி வரையிலான இக்காலத்திலேயே நம் கிராமங்களில் மீன்பிடிப்பு மிகுதியாக நடைபெறுகிறது. குடியானவர் பலர் இதனைத் தங்கள் தொழிலாகக் கருதுவதில்லை. ஆயினும் மீன்பாசி ஏலத்தால் ஊர்ப் பொதுவுக்கு வரும் தொகையும், வீட்டுச் சமையலுக்குக் கிடைக்கும் மீனும், ஏரிநீரைக் காக்கும் பொறுப்பும் அவர்களைச் சார்ந்தவையே. பண்ணைக் குட்டை வெட்டி மீன் வளர்ப்போரும் இப்போது பலர் உளர். ஆகவே வலை, தூண்டில், பரி முதலிய கருவிகளைத் தெரிந்தெடுக்கும் முறையையும் பேணும் முறையையும் அவர்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

இக்கருவிகளைப்பற்றி முன்னோர் கண்ட அனுபவம் பெரிது. ஆனால் அவ்வனுபவம் பருத்தி நூலையும் சணப்பை நாரையும் கையாண்டு பெற்றது. நைலான் 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அது நம் ஊர்களுக்கும் வந்து, பருத்தி வலையைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது. நூல் மாறிற்று, கையாளும் வழக்கம் பல இடங்களில் மாறவில்லை. பழைய அனுபவத்தில் எது இன்றும் பொருந்தும், எது பொருந்தாது என்று பகுத்துப் பாராமையால் வலையும் விரைவில் கெடுகிறது. ஏரியின் மீன்வளமும் குன்றுகிறது.

பருத்தி வலையும் நைலான் வலையும்

பருத்தி நூல் நீரில் ஊறி ஈரத்துடன் கிடந்தால், நுண்ணுயிர்கள் அதனை அரித்து இற்றுப்போகச் செய்யும். அதனால் வலைக்காரர்கள் ஒவ்வொரு நாளும் வலையை வெயிலில் விரித்து உலர்த்தினார்கள். ஆவாரம் பட்டை, வேலம் பட்டை இவற்றைக் காய்ச்சிய துவர்ப்புச் சாற்றிலோ, பனிச்சங்காய்ச் சாற்றிலோ அவ்வப்போது தோய்த்தெடுத்தார்கள். துவர்ப்புப் பொருள் நூலில் ஏறியபின் அழுகல் தாமதப்படும். பருத்தி வலைக்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை.

நைலான் நீரில் அழுகுவதில்லை. ஆகையால் பட்டைச் சாறு அதற்கு வேண்டுவதில்லை. அதன் பகை வெயிலே. சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் நைலானின் வலுவைக் குறைக்கும். நூல் மெல்லியதாக இருக்குமளவுக்குச் சேதம் விரைவாகும். முன்னோர் சொல்லியதை நம்பி நைலான் வலையை நாள்தோறும் கரையிலும் வேலியிலும் விரித்துக் காயவைப்பவர், தம் கையாலேயே அதன் ஆயுளைக் குறைத்துக்கொள்கிறார். பருத்தி வலைக்கு வெயில் மருந்து. நைலான் வலைக்கு நிழலே வேண்டும்.

வேறு இரண்டு வேற்றுமைகளும் உண்டு. பருத்தி நூல் நனைந்தால் வலுக்கூடும். நைலான் நனைந்தால் வலு ஓரளவு குறையும். ஆகையால் கடையில் உலர்ந்த நூலை இழுத்துப் பார்த்து நிச்சயிப்பது போதாது; நனைத்தபின் இழுத்துப் பார்க்கவேண்டும். மேலும் நைலான் வழுவழுப்பானது. பருத்தியில் ஒற்றை முடிச்சுப் போட்டால் நிற்கும். நைலானில் அதே முடிச்சு நழுவிக் கண்ணியின் அளவு மாறிவிடும். நைலான் வலையைக் கையால் பின்னுவோரும் செப்பனிடுவோரும் இரட்டை முடிச்சிட்டு, நனைத்து, இறுக இழுத்துவிடுதல் வேண்டும்.

நூலை அறியும் சோதனை

கடைகளில் விற்கும் செயற்கை நூல் யாவும் நைலான் அல்ல. பாலிதீன் நூலும் பாலிப்புரொப்பிலீன் நூலும் அதே கடையில் கிடைக்கும். இவற்றைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. சிறு துண்டு ஒன்றை வெட்டி, விரலால் நன்கு தேய்த்துக் காற்றுக்குமிழ் போக்கி, ஒரு கிண்ணம் நீரில் அமிழ்த்திவிடவேண்டும். நைலான் மூழ்கும், மற்ற இரண்டும் மிதக்கும். பாலிதீனைக் கொளுத்தினால் மெழுகுவர்த்தி அணைந்தாற்போன்ற வாசனை எழும். பருத்தி உருகாமல் எரிந்து, காகிதச் சாம்பல் போன்ற சாம்பலாகும்.

வலையின் உடலுக்கு மூழ்கும் நைலானும், மிதப்புகள் கோக்கும் மேற்கயிற்றுக்கு மிதக்கும் பாலிதீனும் ஏற்றவை. இதனை மாற்றிச் செய்தால் மேற்கயிறு நீரில் தாழ்ந்து, வலை நேராக நில்லாமல் துவண்டு கிடக்கும். தங்கூசி என்று வழங்கும் ஒற்றை இழை நைலான் நரம்பு நீரில் கண்ணுக்குப் புலப்படாது. மீன் எளிதில் படும். ஆனால் அது கிழிந்தால் செப்பனிடுவது கடினம்; அறுந்த துண்டும் எளிதில் கண்ணில் படாது. ஆகையால் ஏரியில் முள்ளும் கட்டையும் மிகுந்த பகுதிகளுக்குத் தங்கூசி வலை ஏற்றதன்று.

கண்ணியின் அளவு

வலையின் விலை நீளத்தையும் நூலையும் பொறுத்தது. அதன் நன்மை தீமையோ கண்ணியைப் பொறுத்தது. சிறு கண்ணி வலையில் எல்லா மீனும் படும் என்று கருதி அதையே வாங்குவது பொதுவான வழக்கம். ஆனால் மீன் தானே வந்து மாட்டிக்கொள்ளும் நிலைவலையில் இது மெய்யன்று. மீனின் தலை கண்ணிக்குள் நுழைந்து, செவுள் கடந்து, உடலின் பருத்த பகுதியில் தடைப்பட்டால்தான் மீன் சிக்கும். கண்ணி மிகச் சிறியதாயின் பெரிய மீன் மூக்கால் முட்டித் திரும்பிவிடும். மிகப் பெரியதாயின் முழுவதும் கடந்துபோகும்.

ஆகவே எத்தகைய மீன் வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்து, அந்த அளவுள்ள மீன் ஒன்றின்மீது நூல் சுற்றி இரண்டு இடங்களில் அளக்கவேண்டும்: செவுள் மூடியின் ஓரத்தில் ஒன்று, உடல் மிகப் பருத்த இடத்தில் ஒன்று. கண்ணியை எதிர்மூலைகளில் பிடித்து இழுத்து நீட்டினால் வரும் நீளம், முதல் சுற்றளவில் பாதிக்கு மேலும், இரண்டாம் சுற்றளவில் பாதிக்குக் கீழும் இருக்கவேண்டும். உதாரணமாக, செவுளருகில் 10 அங்குலமும் பருத்த இடத்தில் 12 அங்குலமும் இருந்தால், நீட்டிய கண்ணி 5 அங்குலத்துக்கும் 6 அங்குலத்துக்கும் இடைப்பட்டதாக இருக்கலாம். கடைக்காரர் கண்ணியை மில்லிமீட்டரில் சொல்வார். அது முடிச்சுக்கு முடிச்சு அளந்ததா, நீட்டி அளந்ததா என்று கேட்டறிதல் அவசியம். நீட்டி அளந்தது மற்றதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு இருக்கும். இக்கேள்வியைக் கேளாமல் பாதிக் கண்ணியுள்ள வலையை வாங்கி ஏமாந்தவர் பலர்.

வலையைக் கயிற்றில் கட்டும்போதும் கவனம் வேண்டும். நீட்டிய அளவில் 100 அடியுள்ள வலையைச் சுமார் 50 அடிக் கயிற்றில் சீராகச் சுருக்கிக் கட்டினால் கண்ணிகள் நன்கு திறந்து நிற்கும். கயிற்றை மிச்சப்படுத்த மேலும் நெருக்கிக் கட்டினால் வலை தொளதொளத்து மீனைச் சுற்றிக்கொள்ளும்; எல்லா அளவு மீனும் சிக்கிச் சேதப்படும். வலையின் நீளத்தை மிச்சப்படுத்த மிக இழுத்துக் கட்டினால் கண்ணி ஒடுங்கி மீன் படாது.

சிறு கண்ணியால் வரும் பெருநஷ்டம் இழுவலையில் தெரியும். ஏரியில் விட்ட கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகள் 3, 4 மாதத்தில் கையளவு ஆகியிருக்கும். அப்போது சிறு கண்ணி இழுவலையோ, கொசுவலைத் துணியோ கொண்டு அரித்தால், 100 கிராம் மீனாக அவை கூடைக்கு வரும். அதே மீன் நீர் வற்றும்வரை இருந்து அரைக்கிலோ ஆகுமானால், ஐந்தில் நான்கு பங்கு எடையை ஊர் இழந்தது என்றே கணக்கு. விலையிலும் சிறுமீனுக்குப் பெருமீனின் மதிப்பு இல்லை. இம்மூன்று இனங்களும் ஓடும் வெள்ளத்தில் முட்டையிடுபவை. தேங்கிய ஏரிநீரில் சாதாரணமாக இனம் பெருக்குவதில்லை. 1957-இல் ஒரிஸாவில் ஹீராலால் சௌதரி, மீனின் மூளையடிச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை இனங்களை முட்டையிடச் செய்து காட்டினார். அதன்பின்னரே இவற்றின் குஞ்சுகள் வேண்டியபோது கிடைக்கும் நிலை ஏற்பட்டது. விலை கொடுத்து வாங்கி விட்ட குஞ்சைச் சிறுகண்ணியில் பிடிப்பது, நாற்றை நட்டு மறுமாதமே பிடுங்கி விற்பதை ஒக்கும்.

வீச்சுவலை

தனி ஒருவர் கையாள்வதற்கு வீச்சுவலையே ஏற்றது. முழங்கால் முதல் இடுப்பு அளவு நீருள்ள, தரை ஒழுங்கான இடத்தில் அது நன்கு பலிக்கும். நீர் ஆழமாயின், விரிந்த வட்டம் தரையைத் தொடுமுன் சுருங்கி, மீன் அடியால் தப்பிவிடும். கருவேல மரங்கள் வளர்ந்த ஏரிகளில் ஒரு வீச்சிலேயே வலை கிழியக்கூடும். அங்கு வீச்சுவலையை விடுத்து வேறு கருவி நாடுதல் நலம். புதிதாகப் பழகுவோர் 6 முதல் 8 அடி நீளமுள்ள சிறு வலையில் தொடங்கிக் கைவந்தபின் பெரியதற்குச் செல்லவேண்டும். ஓரத்துக் குண்டுகள் சமமான எடையுடனும் சமமான இடைவெளியுடனும் இருக்கவேண்டும். ஒரு பக்கம் கனத்தால் வட்டம் கோணும்.

இதில் கைவிட வேண்டிய பழைய வழக்கம் ஒன்று உண்டு. வலையை வீசுமுன் அதன் ஓரத்தை, ஈயக் குண்டோடு, பல்லால் கடித்துப் பிடிப்பது வலைக்காரர்களின் நெடுநாள் பழக்கம். ஈயம் உடலில் சிறிது சிறிதாகச் சேரும் நஞ்சு என்பது இப்போது ஐயமின்றி அறியப்பட்டிருக்கிறது. சிறுவர்களின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். ஓரத்தைத் தோளிலோ முழங்கையிலோ தாங்கி வீசும் முறையைக் கற்றுக்கொள்ளலாம். வீட்டு அடுப்பில் ஈயம் உருக்கிக் குண்டு வார்ப்பதையும் அறவே விட்டுவிடவேண்டும். அதன் புகையும் தூசியும் பாத்திரங்களிலும் உணவிலும் படியும். இரும்புச் சங்கிலியோ இரும்பு வளையமோ கோத்த வலை சற்று மெதுவாக அமிழும். ஆழமற்ற ஏரிக்கு அதுவே போதும்.

தூண்டில்

தூண்டில் முள்ளின் எண்ணைப்பற்றிப் பலர் மயங்குகின்றனர். எண் கூடக்கூட முள் சிறுக்கும்; 12-ஆம் எண் முள்ளினும் 6-ஆம் எண் முள் பெரிது. ஒன்றுக்கு மேற்பட்ட பெருமுள்களுக்கு எண்ணுடன் சுன்னம் சேர்த்து எழுதுவர்; அவற்றில் எண் கூடினால் முள்ளும் பெருக்கும். முள்ளின் கூர்மையைச் சோதிக்க, அதன் நுனியைக் கட்டைவிரல் நகத்தின்மேல் இலேசாக வைத்து இழுத்துப் பார்க்கவேண்டும். நகத்தில் பற்றினால் கூர்மை உண்டு. வழுக்கினால் அரத்தால் தீட்டவேண்டும். மழுங்கிய முள்ளால் மீன் கடித்துக் காயப்பட்டு ஓடிவிடும்.

கெளுத்திக்கு மண்புழுவும், கெண்டை இனங்களுக்குத் தவிடு கலந்த மாவும், விராலுக்குச் சிறுமீனும் தவளையும் இரையாகும். விரால் பாசிக்குள் புகுந்து இழுப்பதால் அதற்குத் தடித்த நரம்பு வேண்டும். நெட்டியோ இலேசான மரத்துண்டோ மிதப்புக்குப் போதுமானது. நரம்பு வெயிலில் கிடந்து வெளிறி, விரலில் சுற்றினால் மடிப்புத் தங்குமாயின், அதனை மாற்றிவிடுதல் நன்று. நீக்கிய நரம்பைக் கரையில் எறியலாகாது. ஆட்டின் காலிலும் கொக்கின் காலிலும் அது சுற்றிக்கொள்ளும்.

விராலைப்பற்றி அனுபவஸ்தர்கள் கைக்கொண்ட விதி ஒன்று இன்றும் பொருந்தும். விரால் தன் குஞ்சுகளைக் காத்துத் திரியும் இனம். நீர்மட்டத்தில் சிவந்த சிறு குஞ்சுகள் கூட்டமாகப் புரண்டுகொண்டிருந்தால், தாய்தந்தை அடியில் உள்ளன என்பது துணிபு. அப்போது தூண்டிலை நீட்டினால் குஞ்சைக் காக்க அவை சீறிப் பாயும். பிடிப்பது மிக எளிது. ஆனால் பெற்றோரை இழந்த குஞ்சுக் கூட்டம் பிற மீன்களுக்கும் பறவைகளுக்கும் விரைவில் இரையாகும். எளிதாகக் கிடைக்கும் அந்த ஒரு மீனால் அவ்வாண்டின் விரால் வித்து அழிகிறது.

பரியும் ஊத்தாவும்

மூங்கில் சிம்புகளால் முடைந்த பரியை வாய்க்காலிலும் வரப்பு மடையிலும் வைப்பது வயலுடையோர் யாவரும் அறிந்தது. அதன் வாய் எப்பக்கம் நோக்கியிருக்கிறது என்பதே முக்கியம். புதுவெள்ளம் வரும்போது கெண்டை, கெளுத்தி, விரால் முதலியன ஏரியிலிருந்து வாய்க்கால் வழியே மேல்நோக்கி ஏறும். அவற்றில் பல சினைமீன்கள். அப்போது பரியை அவற்றின் வரவை எதிர்பார்த்து வைத்தால், முட்டையிடுமுன்னே பிடிபடும். நீர் வடிந்து மீன்கள் வயலிலிருந்து ஏரிக்கு இறங்கும் காலத்தில் பரி வைப்பது அத்தனை கேடு விளைக்காது. அப்போதும் சிம்புகளுக்கிடையே சுட்டுவிரல் நுழையுமளவு இடைவெளி விட்டால், அவ்வாண்டுக் குஞ்சுகள் நழுவி ஏரி சேரும்.

வாய்க்கால்களில் நிலையாக அடைத்து வைக்கும் பொறிகளாலும் சிறு கண்ணி வலைகளாலும் மீன்குஞ்சு அழிவதை பிரான்ஸிஸ் டே என்பவர் 1873-இல் வெளியிட்ட அறிக்கையில் எடுத்துக்காட்டினார். அவர் சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்து, பின்னர் இந்திய மீன்வளத்தை ஆராய்ந்தவர். 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம், நிலையான பொறிகளையும் வலைகளின் அளவையும்பற்றி விதிகள் செய்ய இடமளித்தது.

ஊத்தாவும் கச்சாவும் நீர் முழங்காலளவு வற்றியபின் பயன்படுபவை. புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை மாவட்டங்களில் கண்மாய் வற்றும்போது நடைபெறும் மீன்பிடித் திருவிழாவில், ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிக் காட்டியபின்னரே யாவரும் இவற்றுடன் இறங்குவர். அதுவரை யாரும் நீரைத் தொடுவதில்லை என்னும் கட்டுப்பாட்டில் மீன்வளத்துக்கு வேண்டிய பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. ஊத்தா வாங்குவோர் மேல்வாயின் ஓரம் நன்கு சுற்றிக் கட்டப்பட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். கையை விட்டு மீனை எடுக்கும்போது சிம்பு குத்திய புண், சேற்றுநீரில் எளிதில் சீழ்கொள்ளும்.

கலிங்கும் மடையும்

மீன் கருவியால் பயிருக்கு நேரும் தீங்கு பெரும்பாலும் இவ்விடங்களிலேயே உண்டாகிறது. ஏரி நிறைந்து வழியும்போது விட்ட மீன் வெளியேறாதபடி குத்தகைதாரர் கலிங்கில் வலை கட்டுவது உண்டு. சிறு கண்ணி வலையில் பாசியும் செத்தையும் வந்து அடையும். சில மணி நேரத்தில் வலை சுவர்போலாகி, வழியவேண்டிய நீர் ஏரியிலேயே ஏறும். மழைக்காலத்து இரவில் இவ்வாறு ஏறும் நீர் கரையை உடைக்குமாயின், ஆயக்கட்டு முழுவதும் பாழாகும். மீனின் மதிப்பு எவ்வளவாயினும் ஒரு கரையின் மதிப்புக்கு ஈடாகாது.

மீனைத் தடுத்தல் வேண்டுமாயின், கலிங்குக்குச் சற்று முன்னால், நீளமாகவும் சாய்வாகவும், அகன்ற இடைவெளியுள்ள மூங்கில் தட்டியை நிறுத்தலாம். இரவும் பகலும் செத்தையை அகற்ற ஆள் வைக்கவேண்டும். பெருமழை அறிவிப்பு வந்தால் தட்டியை எடுத்துவிடவேண்டும். மீன் பிடிக்கும் பொருட்டு மடையைத் திறந்து நீரை வீணாக்குவதும் இதைப் போன்றதே. கோடையில் கால்நடைக்கும் கிணற்று ஊற்றுக்கும் உதவும் கடைசி நீரை மீனுக்காக வடிப்பது எந்தக் கணக்கிலும் லாபமாகாது.

பேணுதலும் செப்பனிடுதலும்

மீன் பிடித்து முடிந்ததும் வலையை நல்ல நீரில் அலசி, பாசியையும் மீன் வழும்பையும் போக்கி, நிழலில் மூங்கில்மேல் தொங்கவிட்டு உலர்த்தவேண்டும். ஆணியில் மாட்டினால் அவ்விடத்தில் நூல் அறும். உலர்ந்தபின் மூடியுள்ள தகரப் பெட்டியில் வைத்தல் நலம். மீன் வாடைக்கு எலி வந்து ஒரே இரவில் பல கண்ணிகளைக் கடித்துவிடும். பம்புக் கொட்டகையில் வலையை வைப்பவர்கள் டிராக்டர் பாட்டரியின் அருகில் வைக்கக்கூடாது; அதிலுள்ள கந்தக அமிலம் பட்ட இடத்தில் நைலான் சிதைந்துபோகும்.

கிழிசலை அன்றன்றே செப்பனிடவேண்டும். அறுந்த நூல்களை அப்படியே வைத்துக் கட்டினால் கண்ணி ஒழுங்கு கெடும். கிழிசலின் ஓரத்தை முதலில் வெட்டிச் சீராக்கி, மூன்று கால் நிற்கும் கண்ணியில் தொடங்கி மூன்று கால் கண்ணியிலேயே முடிக்கும்படி செய்துகொள்ளவேண்டும். கண்ணியளவுக்கு வெட்டிய மூங்கில் தகட்டின்மேல் நூலைச் சுற்றி முடிந்தால் எல்லாக் கண்ணியும் ஒரே அளவாக வரும்.

பருத்தி வலை ஏரியில் தொலைந்தால் சிலகாலத்தில் இற்றுப்போகும். நைலான் வலை அவ்வாறன்று. பல ஆண்டுகள் அப்படியே கிடந்து, எடுப்பாரின்றி மீனையும் ஆமையையும் நீர்க்காகத்தையும் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கும். ஏரி வற்றி வண்டல் அள்ளும்போது அத்துண்டுகள் வயலுக்கு வந்து கலப்பையிலும் சுழல்கலப்பைப் பற்களிலும் சுற்றும். மாட்டின் குளம்பில் இறுகிப் புண்ணாக்கும். ஆகவே கிழிந்த துண்டையும் கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது கருவி பேணுதலின் ஒரு பகுதியாகும். வலையில் ஆமையோ நீர்நாயோ படுமாயின் உடனே அறுத்து விட்டுவிடவேண்டும்; இவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை.

அறவே விலக்க வேண்டியவை

வெடியாலும் நஞ்சாலும் மீன் பிடித்தலை 1897-ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்கியது. வெடியால் இறக்கும் மீனில் பல அடியில் மூழ்கிக் கைக்கு எட்டாமலே அழுகும். திருகுகள்ளிப் பாலும் காக்காய்க்கொல்லி விதையும் குஞ்சு முதல் யாவற்றையும் கொல்லும். பூச்சிமருந்தை ஊற்றிப் பிடித்த மீன் உண்பாருக்கே நஞ்சாகும். அந்நீரைக் குடிக்கும் மாடும் தப்பாது. மின்கம்பியை நீரில் விட்டு மீன் பிடிக்க முயல்பவர் மீனுக்கு முன் தாமே உயிரிழக்கக்கூடும்.

உயிரைப்பற்றிய மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. மண் அள்ளிய ஏரிகளில் முழங்காலளவு நீருக்கு அடுத்த அடியிலேயே ஆளை மூழ்கடிக்கும் குழி இருக்கலாம். நீர் வற்றியிருக்கும்போதே குழிகளைப் பார்த்துக் கம்பு நட்டு அடையாளம் செய்துவைக்கவேண்டும். வலைக்கயிற்றை இடுப்பிலோ மணிக்கட்டிலோ முடியிட்டுக் கட்டக்கூடாது. கையில் சுருக்கிப் பிடித்தால் வேண்டியபோது விடலாம். நைலான் வலை காலில் சிக்கினால் பருத்தியைப்போல் இழுத்து அறுக்க இயலாது. இடுப்பில் ஒரு சிறு கத்தி இருக்கவேண்டும். தனியாக இறங்குவதும், இருட்டியபின் இறங்குவதும் கூடாது.

மீன்பாசி ஏலத்தில் சேர்க்கத்தக்க நிபந்தனைகள்

மேற்சொன்னவை தனித்தனியே குடியானவர் கைக்கொள்ள வேண்டியவை. ஏரி பலருக்குப் பொதுவாகையால், ஒருவர் பெருங்கண்ணி வலை போட்டு மற்றவர் கொசுவலை இழுத்தால் பயனில்லை. ஆகையால் ஊராட்சித் தலைவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் ஏலத்துக்கு முன்னரே ஆயக்கட்டுதாரர்களைக் கூட்டிக் கலந்து, கீழ்க்கண்டவற்றைக் குத்தகை நிபந்தனையில் சேர்ப்பது நலம்.

1. இழுவலை, நிலைவலை இவற்றின் கண்ணி நீட்டிய அளவில் இத்தனை அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்று எண்ணால் குறித்தல். அந்த அளவுக்கு வெட்டிய மரத்தகடு ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் வைத்து, வலை நீரில் இறங்குமுன் பார்த்தல்.

2. குஞ்சு விட்டபின் எத்தனை மாதம் வலை இழுக்கக்கூடாது என்பதைத் தேதியுடன் எழுதுதல்.

3. புதுவெள்ள காலத்தில் வரத்துவாய்க்காலில் பரியும் வலையும் வைப்பதைத் தடுத்தல்.

4. கலிங்கில் வலை கட்டுவதையும், மீனுக்காக மடை திறப்பதையும் தடுத்து, மீறினால் வைப்புத்தொகையைப் பிடித்தல்.

5. குத்தகை முடிவில் எல்லா வலையையும் கிழிந்த துண்டு உட்பட எடுத்துக் காட்டியபின்னரே வைப்புத்தொகையைத் திருப்புதல்.

இந்நிபந்தனைகளால் ஏலத்தொகை முதலாண்டில் சிறிது குறையவும் கூடும். கரை உடையாமலும், கோடைநீர் வீணாகாமலும், அடுத்த ஆண்டு மீன் குன்றாமலும் இருப்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஊருக்கு நஷ்டம் இல்லை. ஏலம் எடுப்பவர் வலை வாங்குமுன் இவற்றை அறிந்திருக்கவேண்டும்; வாங்கியபின் கண்ணி சிறிதென்று தடுத்தால் வழக்கே மிஞ்சும். ஆகையால் நிபந்தனைகளையும் கண்ணியளவையும் ஏல அறிவிப்பிலேயே அச்சிட்டு வெளியிடுதல் வேண்டும்.